மேரி கேட்காமல் வெட்டிய புடவை

செவிலிமேட்டில் மேரியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, சொன்ன நாளில் கிடைக்காது. இரண்டு, கிடைத்துவிட்டால் அக்குளில் பிடிக்காது, கழுத்தில் தொங்காது, கல்யாண மண்டபத்தில் கையைத் தூக்கினால் தையல் விடாது. இரண்டாவதற்காக முதலாவதைப் பொறுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப வந்தார்கள். மேரியும் சிரித்துக்கொண்டே திட்டு வாங்கினாள்.

இப்போதெல்லாம் அவளைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் ஜாக்கெட்டுக்கு வருவதில்லை, போர்வைக்கு வருகிறார்கள். பட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, அடியில் பழைய நூல் புடவையை இரண்டு மடிப்பாக வைத்து, அதற்கும் கீழே துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியைக் கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டு முடிக்கிற போர்வை. அவளுடைய மகள் திரிஷா அதைக் 'குயில்ட்' என்பாள். மேரிக்கு அது போர்வைதான்.

இந்த வேலை ஆரம்பித்ததே ஒரு சண்டையில்தான். பட்டு ஜாக்கெட் வெட்டினால் கைக்குழியில் பிறை மாதிரி ஒரு துண்டு விழும், கழுத்தில் ஒன்று விழும், ஓரத்தில் நீளமாக ஒன்று மிஞ்சும். காஞ்சிபுரத்துத் தையல்காரிக்குப் பட்டு ஜாக்கெட்டுக்கா பஞ்சம்? அந்தத் துண்டுகளை மேரி பை பையாகக் கட்டி மெஷினுக்கு அடியில் தள்ளிக்கொண்டே வந்தாள். கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், கடைசியில் அவள் கணவன் ராஜவேலுவின் ஆட்டோவில் பின்சீட்டுக்குப் பின்னால்கூட ஒரு பை ஏறிவிட்டது. ராஜவேலு சாது. சவாரிக்கு வந்தவர் பெட்டியை வைக்க இடமில்லாமல் இறங்கிப் போனபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. போகியன்று விடியற்காலை எல்லாப் பையையும் தூக்கிக்கொண்டுபோய்த் தெருமுனைத் தீயில் போட்டார்.

பட்டு எரிந்தால் தலைமுடி கருகுகிற வாடை வரும். அந்த வாடை தெருவைத் தாண்டி வந்ததும் மேரி எழுந்து ஓடினாள். கம்பை விட்டு இழுத்து, எரிந்தது போக மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்து, ராஜவேலுவிடம் அன்றைக்கும் மறுநாள் பொங்கலுக்கும் பேசாமல், துண்டுகளை நிறம் நிறமாகத் தரையில் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தாள். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வெங்காயத் தோல். பரப்பியதைத் திரும்பப் பையில் போட மனம் வரவில்லை. தைத்துவிட்டாள். அந்தத் தை மாதக் குளிரில் அதை முதலில் போர்த்திக்கொண்டு தூங்கியது ராஜவேலுதான்.

மேரியிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வெட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்பாள். இது யாரோடது? எதுக்குக் குடுக்கறீங்க? வெட்டலாமா? பதில் தெளிவாக வந்தால்தான் கத்தரிக்கோல் கையில் ஏறும். இதுவும் சும்மா வந்த பழக்கமில்லை. எதிர்வீட்டுக் கமலாட்சி ஒரு நாள் வந்தவள், சுவரில் தொங்கிய போர்வையில் விரலை வைத்து, "இது என் மாமியா எடுத்துக் குடுத்த பொடவையாச்சே! மிச்சத் துணிய நீ கேக்காமயே எடுத்துக்கினியா?" என்று கேட்டுவிட்டாள். சின்னத் துண்டு அது. ஒரு வெற்றிலை அளவுகூட இருக்காது. ஆனால் அந்த மாமியார் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேரி அந்த இடத்தைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். அதிலிருந்து, பட்டுத் துணியில் துண்டு என்று எதுவும் கிடையாது, எல்லாம் யாரோ ஒருத்தருடையது என்று மனதில் பதிந்துபோனது. பழம்பட்டு கொண்டுவருகிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். "போலீஸ் ஸ்டேஷன்லகூட இவ்ளோ கேக்கமாட்டாங்க மேரி" என்பார்கள். அவள் கேட்காமல் விட்டதில்லை.

அப்படிப்பட்டவள்தான் செல்லியம்மாளின் புடவையைக் கேட்காமல் வெட்டினாள்.

செல்லியம்மாள் தென்னேரிக்காரி. ஏரிக்குக் கீழே நிலம், இரண்டு மாடு, ஊரில் நல்ல பேர். மகன் பிரேம்நாத்துக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. திரிஷாவும் அங்கேதான். ஒரே கம்பெனி பஸ்ஸில் இரண்டு வருஷம் போய் வந்ததில் என்ன நடக்குமோ அது நடந்தது. பதிவாளர் ஆபீஸில் கல்யாணம். ராஜவேலு மாலை வாங்கிக்கொண்டு போனார். தென்னேரியிலிருந்து யாரும் வரவில்லை. சாதி என்று செல்லியம்மாள் வாய்திறந்து சொன்னதில்லை. சொல்லித்தான் தெரியவேண்டும் என்றும் இல்லை. மேரியின் அப்பா அந்தப் பக்கத்துக் கழனிகளில்தான் கூலிக்கு நடவு நட்டவர், களத்துக்கு வெளியே நின்று நெல்லை வாங்கிக்கொண்டு வந்தவர். அது இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

கல்யாணமான புதிதில் செல்லியம்மாள் ஒரே ஒரு முறை செவிலிமேட்டுக்கு வந்தாள். மகன் குடியிருந்த வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த தெருவில் இருந்த மேரியின் வீட்டு வாசல்வரை வந்து நின்றாள். மேரி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்பத்தான் குடிச்சன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அன்றைக்கு வெயில் எப்படி அடித்தது என்று மேரிக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள், செடி என்ன பாவம் செய்தது என்று சொல்லிக்கொண்டே. ஆனால் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. தனக்கு ஒன்றுமில்லை, தன் பெண்ணுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் இதே கதிதானா என்பதுதான் அவளை அரித்தது.

திரிஷா உண்டானாள். மேரி குழந்தைக்குப் போர்வை தைக்க ஆரம்பித்தாள். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடமாட்டார்கள். நன்றாக வாழ்ந்தவர்கள் கட்டிப் பழகிய துணியில்தான் போடுவார்கள். மேரி தன் கல்யாணப் புடவையில் ஒரு பாதி எடுத்து வைத்தாள். மீதிப் பாதிக்கு என்ன செய்வது? ஒரு குழந்தைக்கு இரண்டு பக்கம் உண்டே. அந்தப் பக்கத்தை மேரி காலியாகவே விட்டிருந்தாள். பிரேம்நாத் அதைப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போனப்ப அம்மாகிட்ட சொன்னன் அத்தை, பாப்பாவுக்கு நீங்க குயில்ட் தைக்கறீங்கன்னு" என்றான்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்ட்டாங்க."

வளைகாப்புக்கு நாள் குறித்திருந்த சமயம். ஒரு திங்கட்கிழமை காலை, பால் வாங்கப் போன மேரி திரும்பி வந்தபோது, தையல் மெஷின் மேல் ஒரு மஞ்சள் பை இருந்தது. ராஜவேலு பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேமு வச்சிட்டுப் போச்சி. தென்னேரியிலருந்து அவங்கம்மா குடுத்தாங்களாம். பஸ்ஸு வந்திருச்சின்னு ஓடிப்போச்சி."

மேரி பையைத் திறந்தாள். அரக்கு உடல், இலைப்பச்சைக் கரை, கையகலச் சரிகை, உடல் முழுக்கச் சின்னச் சின்னப் பூ. பிரித்துப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, இது முகூர்த்தப் பட்டு. செல்லியம்மாள் மணவறையில் கட்டிய புடவை. மேரி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுத் தண்ணீரைத் தொடாதவள், என் தையலுக்குத் தன் கல்யாணப் புடவையை அனுப்பியிருக்கிறாளே! அவளுக்கு அழுகை வந்தது, உடனே சிரிப்பும் வந்தது.

அந்த நேரத்தில் அவள் செய்திருக்க வேண்டியது ஒரு போன். செல்லியம்மாளின் நம்பர் அவளிடம் இருந்தது. ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டு, "வெட்டலாமாம்மா?" என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. போனை எடுக்கத்தான் எடுத்தாள். கேட்கப்போய், வேண்டாம் என்று மனசை மாற்றிக்கொண்டுவிட்டால்? கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்றால்? ஊரில் யார் யாரையோ நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள், இந்த ஒருத்தியிடம் கேட்கப் பயந்தாள். போனை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

பட்டுப்புடவையை முதலில் குறுக்கே சாண் அகலத்துக்கு வரிசையாக வெட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் சதுரங்கள். உள்ளே செருகுகிற முனையிலிருந்து தொடங்கினாள். பழைய பட்டு, ஆனால் மடிப்பில்கூட விடாமல் அப்படிப் பேணப்பட்டிருந்தது. கத்தரிக்கோல் வெண்ணெயில் போவது மாதிரி போயிற்று. முந்தியை நெருங்கியதும் அதை முழுசாக எடுத்துத் தனியே வைத்தாள். போர்வைக்கு நடுவில் வைத்தால் வளைகாப்புக்கு வருகிற செல்லியம்மாளுக்குத் தூரத்திலிருந்தே தெரியும் என்று கணக்கு. மதியம் சாப்பிடக்கூட இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் பிரேம்நாத் கம்பெனியிலிருந்து நேராக வந்தான். பையைக் கீழே வைக்கும் முன்பே, "அத்தை, ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்தீங்களா? அம்மா காலையிலருந்து ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. வளைகாப்புக்கு திரிஷா அந்தப் பொடவையத்தான் கட்டணுமாம். அதுக்கு மேட்சா நீங்களே தெச்சிடுவீங்கன்னு சொன்னன்" என்றான்.

மேரி மேசைப் பக்கம் திரும்பினாள். அவன் அவள் பார்த்த திசையில் பார்த்தான். மேசை மேல் அரக்குப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. அவ்வளவு அழகான அடுக்கை அவன் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டான்.

"நான் சொல்லிக்கிறன் அத்தை" என்றான் கடைசியில். "பொடவ எலி கடிச்சிட்டுதுன்னு..."

"வேணாம்பா. வெட்டினது நானு. நானே போயிச் சொல்றன்."

மறுநாள் ராஜவேலுவின் ஆட்டோவில் தென்னேரிக்குப் போனாள். ஏரிக்கரையில் ராஜவேலு ஆட்டோவை நிறுத்திவிட்டு, "நானும் வரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மஞ்சள் பையோடு இறங்கி நடந்தாள். செல்லியம்மாள் வீட்டுக்கு முன்னால் நெல் காயப்போட்டு, காலால் துழாவிக்கொண்டிருந்தாள். மேரியைப் பார்த்ததும் நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மேரி நெல்லுக்கு இந்தப் பக்கம் நின்றபடி நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "வெட்டிட்டம்மா. போர்வைக்குன்னு நெனச்சி வெட்டிட்டன்" என்றாள்.

செல்லியம்மாள் நெல்லைச் சுற்றிக்கொண்டு வந்து பையை வாங்கினாள். உள்ளே கைவிட்டு ஒரு பட்டையை இழுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"இது இன்னா? கோமணமா?"

மேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாரையும் மூணு தடவ கேட்டுட்டுத்தான் வெட்டுவியாமே. எம்புள்ள பெருமையா சொல்லிக்கினு கெடந்தான். என்னைய மட்டும் ஏன் கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்மா." பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "நீங்க எனக்குன்னு ஒண்ணு அனுப்பினதே பெரிசா இருந்திச்சி. அந்த சந்தோசத்துல கண்ணு தெரியல."

செல்லியம்மாள் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். அப்புறம் பேசினபோது குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் மேரிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"புருசன் போனவ வளைகாப்புல முன்னாடி நிக்கக் கூடாது. ஊர்ல அப்படித்தான். எம்மருமவளுக்கு நான் ஒரு வளையல் போட முடியாது. கூடத்துல எல்லாரும் போடுவாங்க, நான் செருப்புகிட்ட நின்னு பாக்கணும். அதுக்கு எதுக்கு வரணும்? எனக்கு பதிலா எம்பொடவையாவது அவ ஒடம்புல இருக்கட்டும்னு அனுப்பினன். அதையும் கண்டதுண்டமா ஆக்கிட்ட."

"அம்மா..."

"எனக்கு அதே பொடவையா வேணும். போ."

பையை மேரியின் கையில் திணித்துவிட்டு நெல்லுக்குப் போய்விட்டாள்.

ஆட்டோ வாலாஜாபாத் வரும்வரை மேரி அழுதாள். ராஜவேலு டீக்கடையில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "கோர்வைப் பொடவதானே?" என்றாள்.

"இன்னாது?"

"கர தனியா, ஒடம்பு தனியா நெய்ஞ்சி, தறியிலயே கோக்கறதுதானே கோர்வ? முந்திகூட ஒட்டினதுதான். ஒட்டி ஒட்டித்தான பொடவையே ஆவுது. நான் மறுபடி ஒட்டிடறன்."

"அவங்க கோவத்துல சொன்னாங்க மேரி. நெஜமாவே கேட்டாங்கன்னு நெனச்சிக்கினியா?"

"கேட்டாங்க இல்ல? கேட்டதக் குடுக்கணும்."

ஜாக்கெட் வேலை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் திட்டியது வழக்கத்தைவிட அதிகம். திரிஷா, "அம்மா, இதே கலர்ல வேற ஒண்ணு வாங்கிடலாம்மா, அத்தைக்கு எங்க தெரியப்போவுது" என்று கெஞ்சிப் பார்த்தாள். பட்டணத்துப் படிப்பு எவ்வளவு படித்தால் என்ன, கல்யாணப் புடவையை மறக்கிற பெண் உண்டா? மேரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

சிக்கல் தையலில் இல்லை, வரிசையில் இருந்தது. செல்லியம்மாள் பையில் திணித்த வேகத்தில் அடுக்கு குலைந்துபோயிருந்தது. எல்லாப் பட்டையும் ஒரே அரக்கு, ஒரே பூ. எதற்கு அடுத்தது எது? மேரி பட்டைகளைத் தரையில் பரப்பி ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் புடவை பேச ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். உள்ளே செருகுகிற பக்கம் நிறம் புதுசு மாதிரி இருந்தது. கொசுவம் வருகிற இடத்தில் கால் பட்டுக் கரையின் சரிகை தேய்ந்திருந்தது. இடுப்பு வருகிற இடத்தில் இரண்டு பட்டைகளில் ஒரே மஞ்சள் கறை, பாதி இதில், பாதி அதில். தாலிக்கயிற்று மஞ்சளைத் தொட்ட விரலைத் துடைத்த மாதிரி இருந்தது. வெட்டுப்பட்ட பூக்களில் பாதியைப் பாதியோடு சேர்த்தாள். கரையோடு கரை, சரிகையோடு சரிகை. இந்தப் புடவையை ஒரு பெண் எத்தனை ஆசையோடு, எத்தனை பயத்தோடு கட்டியிருப்பாள் என்று தைக்கத் தைக்கத்தான் அவளுக்குத் தெரிந்தது. வெட்டும்போது அது வெறும் அரக்காக மட்டுமே கண்ணில் பட்டிருந்தது. அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

தைத்து முடித்து விரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு தையலும் கொஞ்சம் துணியைத் தின்னும். இத்தனை தையல் சேர்ந்து ஒரு முழத்துக்கும் மேல் தின்றுவிட்டிருந்தன. நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றைச் சுற்றி வர வேண்டிய புடவை! மேரி விரலால் அளந்துவிட்டு, மறுபடி அளந்துவிட்டு, அளப்பதை விட்டுவிட்டாள்.

வளைகாப்பன்று கூடத்தில் மெஷினை ஓரம் தள்ளி நாற்காலி போட்டார்கள். தட்டு தட்டாகக் கண்ணாடி வளையல், சந்தனம், பூ. சமையலறையில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று குண்டான்கள் ஆவி விட்டன. திரிஷா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கொசுவத்தில் இரண்டே மடிப்பு. முந்தி தோளைத் தாண்டி முதுகில் ஒரு சாணோடு நின்றுவிட்டது. உடம்பெல்லாம் மேலிருந்து கீழாகத் தையல் கோடுகள். சர்ச்சிலிருந்து வந்த பெண்கள் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமலாட்சிதான், "இது புது டிசைனா மேரி?" என்று வாய்விட்டுக் கேட்டாள். மேரி காதில் வாங்காத மாதிரி நகர்ந்துவிட்டாள். அவள் கண் வாசலில் இருந்தது. பிரேம்நாத் காலையில் ஊருக்கு போன் செய்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை.

கமலாட்சி முதல் வளையலைப் போட்டாள். அடுத்தவள் போட்டாள். கை நிறைய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. செல்லியம்மாள், பஸ்ஸில் வந்த வியர்வையோடு, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றிருந்தாள்.

மேரி ஓடினாள். "உள்ள வாங்கம்மா!"

"வேணாம். முடியட்டும். பொடவ வந்துதான்னு பாக்கத்தான் வந்தன்."

மேரி தன் வாழ்க்கையில் யார் கையையும் அப்படிப் பிடித்து இழுத்ததில்லை. அன்றைக்கு இழுத்திருப்பாள். அதற்குள் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. திரிஷா எழுந்துவிட்டாள். நலங்கு பாதியில் எழக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளையல் குலுங்க வாசல்வரை நடந்து வந்து, செல்லியம்மாளுக்கு முன்னால் தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். பிரேம்நாத் வளையல் தட்டோடு பின்னாலேயே வந்தான்.

"நீங்க போடுங்க அத்தை."

செல்லியம்மாள் வளையலைப் பார்க்கவில்லை. திரிஷாவின் தோளில் நின்றுபோன முந்தியைப் பார்த்தாள். ஒரு தையலை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். அடுத்த தையலுக்குப் போனாள். இடுப்பருகே அந்த மஞ்சள் கறை சரியாகச் சேர்ந்திருந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. மேரி அங்கே மட்டும் மற்ற இடங்களைவிட நெருக்கமாகத் தைத்திருந்தாள். செல்லியம்மாளின் கண் நிறைந்தது. அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை.

"உறுத்துதா?" என்று மருமகளைக் கேட்டாள்.

திரிஷா அம்மாவைப் பார்த்தாள். "கொஞ்சம் உறுத்துது அத்தை."

"உறுத்தும் பின்ன. இத்தினி தையல்." சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்து, மருமகளின் விரல்களைக் கூட்டிப் பிடித்து, மெதுவாக ஏற்றினாள். அப்புறம் இன்னொன்று. கூடத்தில் யாராவது ஏதாவது சொல்லத் துணிந்திருந்தால் மேரி அவர்களைச் சும்மா விட்டிருக்கமாட்டாள்.

எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகும் செல்லியம்மாள் போகவில்லை. தானே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து, "பசிக்குது. இன்னா சாதம் இருக்குது?" என்றாள். மேரி தட்டை எடுக்கப் போய், அவசரத்தில் இரண்டு தட்டைக் கீழே போட்டாள். செல்லியம்மாள் புளிசாதம் சாப்பிட்டாள், உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள், இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டாள். செம்பில் தண்ணீர் வைத்தபோது அண்ணாந்து குடித்து முடித்துச் செம்பைக் கவிழ்த்துவைத்தாள்.

திரிஷா நைட்டிக்கு மாறிக்கொண்டு, புடவையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். செல்லியம்மாள் அதை விரித்து, உள்பக்கம் திருப்பி, தையல்களைப் பார்த்தாள்.

"நான் கேட்டன்னு செஞ்ச. சரி. ஆனா இப்படியே கெடந்தா பொட்டியிலதான் கெடக்கும். கட்டவும் முடியாது, போத்தவும் முடியாது." மேரியைத் திரும்பிப் பார்த்தாள். "கத்தரிக்கோல எடு சம்பந்தி."

மேரி கைகளைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"எடுன்னு சொல்றன் இல்ல? எல்லாரையும் கேப்பியே மூணு கேள்வி. என்னையும் கேளு."

மேரி கத்தரிக்கோலை எடுத்தாள். வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கேட்ட கேள்விதான். "இது யாரோடதும்மா?"

என்னோடது என்று சொல்லுவாள் என்றுதான் மேரி நினைத்தாள். செல்லியம்மாள் நாற்காலியில் சாய்ந்திருந்த மருமகளின் வயிற்றைப் பார்த்தாள்.

"உள்ள இருக்குதே, அதோடது."

"எதுக்குக் குடுக்கறீங்க?"

"எம்பேரப்புள்ள படுக்கத்தான். வேற எதுக்கு?"

"வெட்டலாமா?"

"வெட்டு" என்றாள் செல்லியம்மாள். சொன்னதோடு நிற்காமல், அவளே எழுந்து வந்து, முதல் தையலின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.